மன்னார்க் கடற்பூங்காவிற்கு ஒரு பகற்செலவு

கல்லூரி மாணவர் கூட்டமாக வெளியூர் செல்வதென்றால், ஒரு பகலுக்குள் பத்து இடங்களைப் பார்த்துத் திரும்பவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைக் காணப் புறப்படுவோரும் இதற்கு விலக்கல்லர். காலையிற் பாம்பன் பாலம், நண்பகலில் இராமேசுவரம், மாலையில் தனுஷ்கோடி, இடையே அரைமணி நேரம் கடற்பூங்கா என்று திட்டம் வகுப்பர். இங்ஙனம் செல்வதினும் செல்லாதிருத்தல் நன்றென்பது நம் கருத்து.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை 1986-ஆம் ஆண்டில் அரசினர் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். பவளப் பாறைகளும், ஆவுளியா எனக் கரையோர மக்கள் அழைக்கும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இங்கே உள. முதுகெலும்புள்ளனவற்றிற்கும் இல்லனவற்றிற்கும் இடைப்பட்ட உறவினை விளக்கும் பாலனோகிளாசஸ் என்னும் புழுவை நம் விலங்கியல் மாணவர் பெரும்பாலும் புட்டியிலேயே கண்டிருப்பர். அதன் இனம் குருசடைத் தீவின் மணலில் உயிரோடு வாழ்கின்றது.

ஏட்டில் இருபத்தொன்றாயினும், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன. சுண்ணாம்பிற்கும் ஆலைகளுக்குமாகப் பவளக்கற்களைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததே இதற்குப் பெருங் காரணம் என்பர். அலையைத் தடுக்கும் பாறை போயின் தீவின் மணல் எங்ஙனம் நிற்கும்? எஞ்சிய பவளமும் 2016-இற் கடல்நீர் அளவிறந்து வெம்மையுற்றபொழுது வெளிறி, ஒரு பகுதி மடிந்தது. ஆதலின், பாறைமேற் கால்வைத்து நின்று படம் பிடித்துக்கொள்வதை விளையாட்டென்று நாம் கருதுவதற்கில்லை.

இனி, நம்மவர் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. இத்தீவுகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாய்ப் பாசி எடுத்து வாழ்ந்த மீனவப் பெண்டிர் பலர். விரல்களிற் கந்தை சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, கூரிய பாறையிடுக்கிற் பாசி பறிப்பது அவர் தொழில். பூங்காச் சட்டம் அவர்களையும் தீவினின்று விலக்கியது. அவர்களோ தாமே கூடிப் பாசி எடுக்கும் நாட்களை வரையறுத்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அம்மையார் 2015-இல் சீகாலஜி என்னும் சர்வதேசப் பரிசு பெற்றார். வயிற்றுப்பாட்டிற்காகச் செல்வோர்க்கே மறுக்கப்பட்ட இடத்தை, வேடிக்கைக்காகச் செல்லும் நாம் எவ்வுரிமை பற்றிக் கேட்பது?

'கண்ணாற் காணாத கடலை மாணவர் எவ்வாறு நேசிப்பர்?' என நம் நண்பர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. காணலாம்; ஆனால் வனத்துறையாரிடம் முன்னரே எழுதி இசைவு பெற்று, அவர் குறிக்கும் படகில், அவர் குறிக்கும் எல்லைக்குட் காணவேண்டும். இசைவு கிடைக்கவில்லையேல் கரையினின்றே காண்க. பணங்கொடுத்து எவரேனும் ஒரு படகுக்காரரை மறைவாக அமர்த்திச் செல்லும் சாமர்த்தியம் நமக்கு வேண்டா. பிடிபட்டால் அவர் பிழைப்புக் கெடும், நாம் ஊர் திரும்பிவிடுவோம்.

கோடை விடுமுறை இதற்கு ஏற்ற காலமன்று. தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் மன்னார்ப் பக்கத்துக் கடல் குமுறும்; கலங்கிய நீரில் எதுவும் தோன்றாது. மாசி, பங்குனி மாதங்களே தக்கன. காற்று வலுக்குமுன் காலையிலேயே கடலைப் பார்த்துவிடுதல் நலம். மதுரையிலிருந்து செல்வோர் முன்னிரவே மண்டபம் சேர்ந்து தங்குவது உத்தமம். வெயிலேறிய பின், 1947-இல் நிறுவப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரிடம் விளக்கங் கேட்கலாம்; தலைமையகம் 1971-இற் கொச்சிக்கு மாறினும், மண்டபத்தில் அதன் கிளை இன்றும் உளது. கடைவீதியிற் பவளத்துண்டு விற்பாரேல் வாங்கற்க; பவளம் 2001 முதற் சட்டக் காவலில் உள்ளது.

பிற்பகலில் இராமேசுவரத்திற்கு ஓடாமல், கரைச் சிற்றூர் ஒன்றிற் பாசி எடுக்கும் அம்மையார் ஒருவரை மாணவர்க்குக் கடலைப் பற்றிப் பேசுமாறு வேண்டிக்கொள்ளலாம். அன்று அவர் இழக்கும் கூலியையும் பிரயாணச் செலவுக் கணக்கில் முன்னரே சேர்த்துக்கொள்க.