பல் இடுக்கில் மறையும் சொத்தை

பிள்ளையின் பல்லில் குழி விழுந்து வலி கண்ட பின்னரே பெற்றோர் பலரும் பல் மருத்துவரை நாடுகின்றனர். ஆயின் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஒன்றையொன்று தொடும் இடத்தில், சற்றே ஈறுப் பக்கமாகத் தொடங்கும் சொத்தை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதைக் காட்டித் தருவது எக்ஸ்ரே படம். அப்படமும் சரியான கோணத்தில் எடுக்கப்பட்டால்தான் உண்மையைச் சொல்லும்.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழற்படமே. பல்லின் மேலுறையாகிய எனாமல் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. அது கதிர்களைத் தடுப்பதால் படத்தில் வெண்மையாகத் தோன்றும். சொத்தை அரித்த இடத்திலோ அச்சத்துக் குறைந்து, கதிர்கள் எளிதில் ஊடுருவும். அவ்விடம் கருமையாகத் தெரியும்.

தோப்பில் வரிசையாக நிற்கும் தென்னைகளை நேர் எதிரே நின்று நோக்கினால், மரங்களுக்கு இடையேயுள்ள வெளி தெரியும். சாய்வாக நோக்கினால் ஒரு மரம் அடுத்ததை மறைத்துவிடும். பற்களும் அவ்வாறே. கதிர் பல் இடுக்கின் வழியே நேராகச் செல்லாமல் முன்னோ பின்னோ சாய்ந்தால், ஒரு பல்லின் வெண்ணிழல் அடுத்த பல்லின்மேல் படிந்து, அங்குள்ள சிறு கருமையை மூடிவிடும். சொத்தை பல்லில் இருக்கும்; படத்தில் இராது!

1925-ஆம் ஆண்டில் ஹோவர்ட் ரேப்பர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், பிலிமோடு இணைந்த சிறு பட்டையைப் பற்களால் கடித்துக்கொள்ளும் ‘பைட்விங்’ முறையை அறிமுகப்படுத்தினார். மேல், கீழ்ப் பற்கள் இரண்டும் ஒரே படத்தில் விழும். இன்று பிலிமுக்குப் பதிலாக மின்னணுத் தகடு பல இடங்களில் வந்துவிட்டது. கதிர்க்குழாயை நேர்ப்படுத்த வளையம் பொருத்திய பிடிப்பானும் உண்டு. எனினும் பிள்ளை தலையை அசைத்தாலோ, பட்டையைச் சரியாகக் கடிக்காவிட்டாலோ கோணம் தவறிவிடும்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. எனாமல் அளவில் நிற்கும் தொடக்கச் சொத்தையை, குழி விழுமுன் கண்டால், ஃபுளோரைடு பூச்சாலும் தூய்மையாலும் பல நேரங்களில் தடுத்து நிறுத்தலாம். உட்பகுதியைக் குடைந்துவிட்டாலோ பல்லை அடைக்க நேரிடும். நரம்பை எட்டினால் வேர்ச் சிகிச்சையோ, பல்லைப் பிடுங்குவதோகூடத் தேவைப்படலாம்.

ஆகவே பெற்றோரே, படம் எடுக்கும் வேளையில் பட்டையை மெல்லக் கடித்து அசையாதிருக்கப் பிள்ளையைப் பழக்குங்கள். பற்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டதால் மருத்துவர் மீண்டும் ஒரு படம் கேட்டால், வீண் செலவென்று முகம் சுளிக்காதீர்கள். முறையாக எடுக்கும் பல் படத்தில் கதிரின் அளவு மிகக் குறைவு. அதே வேளையில், தேவையின்றிப் படம் எடுக்க நீங்களாக வற்புறுத்தவும் வேண்டாம். பழைய படங்கள் இருந்தால் உடன் கொண்டு செல்லுங்கள். கருவுற்ற தாய்மார் அதனை முன்கூட்டியே தெரிவியுங்கள்.

“படத்தில் ஒன்றுமில்லை” என்று கேட்டு மகிழுமுன், “பல் இடுக்குகள் எல்லாம் தெளிவாக விழுந்துள்ளனவா?” என்று பணிவுடன் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் பிள்ளையின் பல்லைக் காக்கக்கூடும்.