பேச்சுச் சிகிச்சை படிக்க யார் பணம் கொடுப்பது?

ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். திக்குவாய் என்று மற்றவர்கள் சிரிப்பதால் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளும், பாரிசவாதம் வந்து நாக்கு எழும்பாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். "வயசானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நாம் பால்வெட்டுக்குப் போய்விடுகிறோம். பல குறைகள் வயதோடு சரியாவதில்லை. ஆனால் காலம் தாழ்த்தாமல் பார்த்தால் பெரும்பாலானவற்றைத் திருத்தலாம், குறைக்கலாம். இதைச் செய்பவர்தான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். உணவை விழுங்க முடியாத நோயாளிக்கு எப்படி விழுங்குவது என்று பழக்குவதும் இவர் வேலைதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இது ஒரு முறை ஊசி போட்டு முடிகிற வைத்தியம் அல்ல. கிழமைக்கு ஒரு தடவையோ மாதத்துக்கு இரண்டு தடவையோ கிளினிக்குக்குப் போக வேண்டும். ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேகாலைக்கோ கொழும்புக்கோ போகும் தாய்க்கு அன்றைய பெயர் விழாது. 2026 வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளம் 1750 ரூபா என்றது. ஒரு கிளினிக் நாள் என்பது அந்தப் பணமும் பஸ் கூலியும்.

போய்ச் சேர்ந்த பிறகு மொழி. சிகிச்சை கொடுப்பவர் நல்லவராக, கெட்டிக்காரராக இருப்பார். ஆனால் சிங்களத்தில் படித்து, சிங்களத்தில் பழகியவர். மற்ற நோய்களுக்கு மொழி தெரியாத டொக்டரிடம் கையைக் காட்டியாவது மருந்து வாங்கி வந்துவிடலாம். இங்கே மருந்தே மொழிதான். பல்லி என்பதற்கும் பள்ளி என்பதற்கும் உள்ள வித்தியாசம் சிங்களக் காதில் விழாது, பேச்சுச் சிங்களத்தில் அந்த இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டன. இன்னொரு பக்கம், நம் லயத்தில் எல்லோரும் வாழைப்பழத்தை "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம். அது குறை அல்ல, நம் பேச்சு. புத்தகத் தமிழை மட்டும் வைத்துப் பிள்ளையைச் சோதிப்பவர் அதையும் குறைக் கணக்கில் எழுதிவிடலாம். 1987 இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. படிவங்கள் மூன்று மொழியிலும் வருகின்றன, சரி. பிள்ளையின் நாக்கைத் திருப்பப் படிவத்தால் ஆகுமா?

ஆகவே நம் பிள்ளைகளில் சிலர் இந்தத் தொழிலைப் படிக்க வேண்டும். இனி, அதற்கு என்ன செலவாகும் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் முதுமாணிப் பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வர முடியாது. அங்கே மாணவர்கள் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். 2025 இல் வந்த சட்டம், 2026 ஜூலை முதல் சாதாரண முதுமாணிப் படிப்புக்கு வருடம் 20,500 டொலருக்கு மேல் அரசாங்கக் கடன் இல்லை என்று வரம்பு போட்டிருக்கிறது. நமக்கு அந்த நிலை இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நான்கு வருடம் பேச்சு மற்றும் கேட்டல் விஞ்ஞானப் பட்டம் படித்தால் போதும். தெரிவாகிவிட்டால் கல்விக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

ஆனால் "தெரிவாகிவிட்டால்" என்ற அந்தச் சொல்லுக்குள்தான் செலவு முழுவதும் இருக்கிறது. முதலில் உயர்தரத்தில் விஞ்ஞானம். தமிழ் மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலை நம் பக்கத்தில் அரிது. பிள்ளையை வேறு ஊரில் தங்கவைக்க வேண்டும், இரண்டு வருடம் டியூஷன் கட்ட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. மாதம் 20 நாள் வேலை கிடைத்தால் 35,000 ரூபா, அதிலும் சேமலாப நிதி, கடைக்கடன் என்று கழியும். இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் கலைப் பிரிவுக்குத் திரும்புகிறார்கள், அல்லது கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகிறார்கள். மூளை இல்லாமல் அல்ல.

அடுத்தது இசட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் இரத்தினபுரி இருக்கிறது. கேகாலை இல்லை. கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பெறுபேறு மாவட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது, அந்தக் கணக்கில் ருவான்வெல்லை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைத் தோட்டப் பிள்ளையும் முன்னேறியவர் ஆகிவிடுகிறார். எல்லையைத் தாண்டி இரத்தினபுரித் தோட்டத்தில் பிறந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சலுகை, அதே லயம், அதே ரப்பர், அதே கூலி இருந்தும் இவருக்கு இல்லை. பின்தங்கலை மாவட்டத்தை வைத்து அளக்காமல் பாடசாலையை வைத்து அளக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன, எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அந்த முப்பது வருடப் பாக்கி எந்த மாவட்டப் புள்ளியிலும் தெரியாது.

ராகமைக்குப் போன பிறகு மகாபொல இருக்கிறதே என்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 5,000 இலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது, நல்லது. ஆனால் நாளுக்கு 250 ரூபா. ஒரு நேரச் சோற்றுப் பார்சலுக்கே அது போதாது. படிப்பு ஆங்கிலத்தில், வைத்தியசாலைப் பயிற்சிக்கு அலைய வேண்டும், பகுதி நேர வேலைக்கு நேரம் இருக்காது. 1947 முதல் இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் கீழ் இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் நம் பிள்ளைகளுக்கென்றே புலமைப்பரிசில் கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்காமல் விடும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பது வருத்தமானது. விளம்பரம் வந்த அன்றே படிவத்தை நிரப்ப உதவுவது தோட்டக் கமிட்டித் தலைவரின் வேலை, சம்பளப் பிரச்சினைக்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை அல்ல.

பட்டத்துக்குப் பின் முதுமாணி படிக்க விரும்புவோருக்கு இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் உண்டு. மைசூரில் 1965 இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனமும், சென்னைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவும் இத்துறைக்குப் பேர்போனவை. சென்னையில் பயிற்சி தமிழ் நோயாளிகளோடு நடக்கும் என்பது நமக்கு முக்கியம். அரச ஊழியர் சம்பளத்தோடு படிப்பு விடுமுறையில் போனால் திரும்பி வந்து வேலை செய்வதாகப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். சிலர் அதைச் சுமை என்கிறார்கள். நம் பார்வையில் அப்படி ஒரு பிணை இருப்பதே நல்லது.

ஆனால் முதுமாணி பிறகு. பணம் தேவைப்படும் முதல் இடம் உயர்தரத்தின் முதல் வருடம். அங்கே எந்தப் புலமைப்பரிசிலும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. ஆயிரம் அங்கத்தவர்கள் மாதம் 50 ரூபா கொடுத்தால் 50,000 ரூபா. உயர்தர விஞ்ஞானம் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் டியூஷனையும் தங்குமிடத்தையும், ராகமையில் படிக்கும் ஒருவரின் சாப்பாட்டையும் பெருமளவு அது தாங்கும். கடனாக வேண்டாம், கடன் என்றால் நம் தாய்மார்கள் பயந்து பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். ஒரே நிபந்தனை போதும்: பட்டம் பெற்றபின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டமொன்றில் தமிழில் கிளினிக், மூன்று வருடத்துக்கு.

ஏற்கனவே சந்தா வெட்டுகிறார்கள், இன்னும் ஐம்பதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நியாயமான கேள்விதான். அதனால்தான் இதைச் சந்தாவோடு சேர்க்காமல், தனிக் கணக்கில், விரும்பியவர் மட்டும் கொடுப்பதாக வைத்து, வரவும் செலவும் இந்தப் பத்திரிகையிலேயே அச்சிட வேண்டும் என்கிறோம். யோசனை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வருகிறது. அதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பட்டியல் அனுப்ப வேண்டும். ஒன்று, சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளைகள். மற்றது, பேச்சு வராத பிள்ளைகளின் எண்ணிக்கை, வயதோடு. பெயர் வேண்டாம்.