படமும் பாட்டும் வேலையற்றவன் வேலையா?

“படம் எழுதுவதும் பாட்டுக் கட்டுவதும் வயிறு நிறைந்தவன் வேலை, உழைப்பவனுக்கு அது எதற்கு?” என்று நம்மிடையே சில மேதாவிகள் கேட்கிறார்கள். யூத மக்கள் தாங்கள் பட்ட கொடுமையை ஓவியமாகவும் கவிதையாகவும் போற்றிக் காத்து வருவதைச் சொன்னாலோ, “அறுபது லட்சம் பேர் மாண்டது வரலாற்றில்தான் இருக்கிறதே, அப்புறம் இதெல்லாம் எதற்கு?” என்று அடுத்த கேள்வி கிளம்புகிறது.

தோழர்களே, அவர்களுக்குத் தெரேசினைக் காட்டுங்கள்!

செக் நாட்டின் தலைநகரான பிராகுக்கு வடக்கே உள்ள கோட்டை ஊர் அது. 1941 நவம்பர் முதல் 1945 மே வரை நாஜிகள் அங்கே யூதர்களை அடைத்து வைத்தார்கள். பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தவர்கள் சுமார் 33,000 பேர். ஆஷ்விட்ஸ் முதலான கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டவர்கள் சுமார் 88,000 பேர். கொன்றவன் கணக்கிலே குறை வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்துப் பட்டியல் எழுதினான். பட்டியல் போதும் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அது கொலைகாரன் எழுதிய பட்டியல்!

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் அங்கே பார்வையிட வந்தார்கள். அதற்காகச் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள், பூச்செடி நட்டார்கள், காப்பிக் கடைகூட வைத்தார்கள். நெரிசல் கண்ணில் படக்கூடாதென்று அதற்கு முந்திய மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், நல்லபடியாகவே அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள்.

உண்மையை எழுதியவன் யார்? பகலெல்லாம் நாஜிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த கைதிகளான பிரிட்டாவும் ஹாஸும் உங்காரும் இரவிலே திருட்டுத்தனமாகத் தீட்டினார்கள். எலும்பும் தோலுமான முதியோரை, சவவண்டியை, ரயிலுக்குக் காத்திருந்த கூட்டத்தைத் தீட்டினார்கள். 1944 ஜூலையில் “கொடுமைப் பிரசாரம்” செய்ததாகக் குற்றம் சாட்டிக் குடும்பத்தோடு சிறையில் தள்ளினார்கள். பிரிட்டா அவ்வாண்டு நவம்பரில் ஆஷ்விட்ஸில் மாண்டார். உயிர் தப்பிய ஹாஸ் திரும்பி வந்து, மறைத்து வைத்த படங்களை மீட்டார். பிரிட்டாவின் சிறு மகனையும் தம் மகனாக வளர்த்தார். வேலையற்றவன் வேலைக்கா ஐயா இவ்வளவு தண்டனை?

அங்கிருந்த சிறுவர்கள் ‘வேதெம்’ என்று ஒரு வார இதழ் நடத்தினார்கள். அச்சகம் கிடையாது, ஒரே கைப்பிரதி. வெள்ளி மாலையில் கூடிப் படிப்பார்கள். கவிதையும் கதையும் கேலியுமாகச் சுமார் 800 பக்கம் மிஞ்சியிருக்கிறது. (நம் இதழுக்குச் சந்தா பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க!) ஆசிரியனான பெட்ர் கின்ஸ் 1944-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 16.

பிரிடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக் கொடுத்தார். எண்ணாக்கப்பட்ட பிள்ளைகளைத் தம் படத்தில் பெயர் எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரையும் ரயிலேற்றிக் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்கள் தப்பின. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தப்பவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பிராகில் பிங்காஸ் தொழுகைக் கூடத்தின் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்களை 1950-களில் ஓவியர்கள் கையால் எழுதினார்கள். நிலத்தடி நீர் ஊறியதென்று 1968-இல் கூடத்தை மூடினார்கள். நீர் ஊறியது மெய்தான். ஆனால் செப்பனிடும் பேரில் பெயர்களே போயின. இருபதாண்டுக்கு மேல் கதவு திறக்கவில்லை. பாட்டாளிகளின் ஆட்சி என்று பறை சாற்றிய ஆட்சி அது! யார் செய்தாலும் அழிப்பு அழிப்புதான் என்று சொல்ல நமக்கு நா கூசக்கூடாது.

அந்த ஆட்சி 1989-இல் வீழ்ந்தது. 1992 முதல் 1996 வரை அத்தனை பெயர்களையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். அதே கூடத்தின் மாடியில் தெரேசின் பிள்ளைகள் வரைந்த படங்களை மாட்டியிருக்கிறார்கள்.