சௌகரியம் யாருக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. பேச்சு அதிகம் இல்லை. ஆட்டிசம் என்று வைத்தியர்கள் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. குழந்தையை வாரம் மூன்று நாள் ஒரு பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, "என் கண்ணைப் பார்" என்று முகவாயைப் பிடித்துத் திருப்பி, பலகைத் துளைகளில் பிளாஸ்டிக் முளைகளைச் செருகப் பழக்கினார்கள், குழந்தை அழுதது, அழுகை அடங்கிய நாட்களில் 'முன்னேற்றம்' என்று நோட்டில் எழுதினார்கள். ஒரு வருஷம் இப்படிக் கழிந்த பிறகு 'ஓ.டி.' எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை செய்யும் வேறோர் அம்மையாரிடம் போனார்கள். அவர் குழந்தையை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அது தரையில் குந்தியபடி, பதித்திருந்த கற்களின் மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனதை அரை மணி நேரம் பார்த்திருந்துவிட்டு, "வீட்ல இவளுக்கு ரொம்பப் பிடிச்சது என்னம்மா?" என்று கேட்டார்.

தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோலப்பொடிதான் மேடம். நான் புள்ளி வைக்கிறப்போ பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. பொடியை எடுத்து எடுத்துக் கொட்டிக்கிட்டே இருப்பா. அந்தப் பழக்கத்தை நிறுத்தணும்னுதான் டப்பாவைப் பரண்மேல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"நாளைக்கு அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

கட்டை விரலும் இரு விரல்களும் கூடிப் பொடியைக் கிள்ளி இழை அறாமல் விடுகிற பிடிக்கும், பென்சிலைப் பிடிக்கிற பிடிக்கும் அதிக வித்தியாசம் இல்லை. குந்தியபடி முன்னால் குனிந்து, விழாமல் நகர்வதற்கு இடுப்பிலும் தோளிலும் பலம் வேண்டும். தாய் ஒரு வரிசைப் புள்ளி வைக்கும்வரை காத்திருந்து, தன் முறை வந்ததும் கோட்டை இழுப்பதோ சம்பாஷணைக்கே முதல் பாடம். பிசுபிசுப்பான எதையும் தொட மறுத்து, சாம்பார் சாதத்தைக் கண்டாலே கையை மடக்கிக்கொள்ளும் அந்தக் குழந்தைக்கு உலர்ந்த பொடி சுகமாக இருந்தது. சாப்பாட்டுக்கு அவர் ஒரு ஸ்பூனைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "கையால்தான் சாப்பிடணும்கிறது யாருடைய ஆசைம்மா?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்வியைத்தான் நாம் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நாம் செய்விக்கும் சிகிச்சை குழந்தையின் சௌக்கியத்துக்காகவா, அல்லது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்முடைய சௌகரியத்துக்காகவா?

'தொழில்வழிச் சிகிச்சை' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு, பச்சைக் குழந்தைக்கு என்ன தொழிலைக் கற்பிக்கப் போகிறார்கள் என்று மலைப்பவர்கள் உண்டு. குளிப்பது, உடுப்பது, உண்பது, விளையாடுவது என்று ஒரு ஜீவன் தன் நாளை நிரப்பிக்கொள்ளும் காரியம் அத்தனையும் இங்கே தொழில்தான். 1917-ல் நியூயார்க் மாகாணத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் இதற்கென்று சங்கம் கண்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன், தாமே வியாதியிலும் பக்கவாதத்திலும் அவதிப்பட்டு, கைவேலையினாலும் தோட்ட வேலையினாலும் தேறிய கட்டடக் கலைஞர். நம் தேசத்தில் இதற்கு முதல் பள்ளியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். மனத்துக்குப் பிடித்த காரியமே மருந்து என்பது இந்த வித்தையின் மூல தத்துவம். அதைக் கற்றவர்களே குழந்தைக்குப் பிடித்ததைப் பறித்து வைத்துக்கொண்டு சிகிச்சை செய்தால் அதை என்னவென்று சொல்வது?

தவறு பெயரிலேயே ஆரம்பிக்கிறது. சர்க்கார் காகிதங்களில் இந்தக் குழந்தைகளுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் வழங்கி வந்திருக்கிறது. 1943-ல் 11 குழந்தைகளை வர்ணித்து ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கானரே, அவர்களுடைய அபாரமான ஞாபக சக்தியையும், திடீர் இரைச்சலில் அவர்கள் அடைந்த கலக்கத்தையும் குறித்து வைத்தார். புலன்கள் அளவுக்கு மீறியோ குறைந்தோ இயங்குவது ஆட்டிசத்தின் லட்சணங்களில் ஒன்று என்பதை அமெரிக்க மனநல வைத்தியர்களின் நிர்ணய நூல் 2013-ல் ஏற்றுக்கொண்டது. குக்கர் விசில் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தைக்கு, யூனிஃபாரம் காலரில் தைத்த துண்டுச் சீட்டு முள்ளாய்க் குத்தும் குழந்தைக்கு, புற உலகம் இல்லாமல் போகவில்லை. தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

பார்வைக்கு மற்றக் குழந்தைகளைப் போல ஆக்கிவிட வேண்டும் என்ற வெறி ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு, 1960-களில் கலிபோர்னியாவில் ஓலே ஐவர் லோவாஸ் தம் பயிற்சியில் அறைவதையும் மின்சார அதிர்ச்சியையும் உபயோகித்தது சாட்சி. அந்தக் கொடுமை இன்று நம் ஊர் நிலையங்களில் இல்லை என்றாலும், கையை உதறினால் பிடித்து அமுக்குவதும், கண்ணைப் பார்க்கும்வரை பிஸ்கட்டைத் தர மறுப்பதும் அதே எண்ணத்தின் சாதுவான வாரிசுகள் அல்லவா? அப்படிக் கை உதறுவது தங்கள் கலக்கத்தைத் தணிக்கிறது என்றும், அதை அடக்கச் சொல்வது தங்களுக்கு வேதனை என்றும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களே 2019-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள்.

"ஊர் சும்மா விடுமா? பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. பல் துலக்கவும், கழிவறைக்குப் போகவும், வீதியைக் கடக்கவும் குழந்தை கற்றே தீர வேண்டும். தன் தலையைத் தானே மோதிக்கொள்ளும் குழந்தையைக் காப்பாற்றியே தீர வேண்டும். குழந்தையின் பலத்திலிருந்து தொடங்குவதென்றால் ஒவ்வொரு குழந்தையையும் மேதை என்று புகழ்வதாக அர்த்தம் இல்லை. நம் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்வதுதான் அர்த்தம். 2007-ல் கனடாவில் மிஷேல் டாசன் குழுவினர் ஆட்டிசம் உள்ள 38 குழந்தைகளைச் சோதித்தபோது, வழக்கமான வெக்ஸ்லர் அறிவுத்திறன் பரீட்சையில் நூறு படிகளில் சராசரியாக 26-ஆம் படியில் நின்ற அதே குழந்தைகள், வடிவங்களை வைத்துச் செய்யும் ரேவன் பரீட்சையில் 56-ஆம் படியில் நின்றார்கள். அதே சமயம், ஊஞ்சலும் மெத்தையும் பந்துமாகச் செய்யும் புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிட அதிகப் பலன் தரவில்லை என்று, 2022-ல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனை ஒன்று 138 குழந்தைகளிடம் கண்டது. ஆகவே, ஊஞ்சலைக் காட்டிக் 'குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஜாக்கிரதையாகவே இருக்க வேண்டும். குழந்தையின் அன்றாடம் இலேசாயிற்றா என்பது ஒன்றே உரைகல்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தன் கருத்தைத் தாராளமாக வெளியிடும் உரிமையை மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு 4-ஆம் பிரிவில் உறுதி செய்கிறது. வாய் பேசாத குழந்தை கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கருத்துத்தான். பயிற்சி நிலையத்தின் வாசலில் நிற்கும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கூசாமல் கேட்கட்டும்: இந்தப் பயிற்சி எதற்காக? என் குழந்தை அழுதால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்குப் பிடித்தது என்னவென்று இதுவரை கண்டுபிடித்தீர்களா? சர்க்காரும், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் முதலாகத் தன் படிவங்களில், 'என்னென்ன வராது' என்ற ஜாபிதாவுக்கு முன்னால் 'எதில் மனம் லயிக்கிறது' என்று ஒரு கட்டத்தைச் சேர்க்கட்டும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அந்த வீட்டு வாசலில் இப்போது தினந்தோறும் சிக்குக் கோலம். புள்ளியை அழித்துவிட்டு யாரும் சிக்குக் கோலம் போடுவதில்லை. புள்ளி இருக்கும் இடத்தை அறிந்து, அதைச் சுற்றிக் கோட்டை வளைக்கிறோம். குழந்தை இன்னமும் யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை. தாய் வைக்கும் புள்ளியில் வரிசை தப்பினால் மட்டும், அவள் மணிக்கட்டைப் பிடித்து, விட்டுப்போன இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது.

டப்பா பரணிலிருந்து இறங்கி, குழந்தைக்கு எட்டும் அலமாரிக்கு வந்துவிட்டது.