சிக்கிலியா என்றால் சிரிப்பா?

குடும்பக் குழுவில் லத்தீன் படிக்கும் பெண் 'சிக்கிலியா' என்று சொன்னதற்கு அத்தனை சிரிப்பா? 'சிசிலி என்று சொல்லம்மா' என்று திருத்தம் வேறு! அவள் சொன்னதே சரி. ஆங்கிலத்தில் நாம் 'சி' என்னும் எழுத்து, பழைய ரோமானியர் வாயில் எங்கும் ககரம்தான். சிசரோவின் பெயரைக் கிரேக்கர் 'கிக்கெரோன்' என்றே எழுதினார்கள். நமக்கு வந்தது ஆங்கிலேயர் உச்சரிப்பு.

ஊர்ப்பெயர் அங்கேயும் நம் வேற்றுமை போல ஈறு மாறும். ஊர் 'ரோமா'. ரோமுக்கு என்றால் 'ரோமம்' (இதற்கு வேண்டுமானால் சிரியுங்கள்). ரோமில் என்றால் 'ரோமை'! ஏதென்ஸோ லத்தீனில் பன்மைப் பெயர். ஏதென்சில் என்பதற்கு 'அத்தேனிஸ்'. 'ஏதென்ஸ்'தான் தமிழ் வழக்கு என்று வாதாட வராதீர்கள். பழைய தமிழ் பைபிளைத் திறந்து பாருங்கள், 'அத்தேனே பட்டணம்' என்றுதான் இருக்கும்.