ரோசாவுக்கு வேண்டியது மருந்தா, நஞ்சா?

ரோசாச் செடியின் கொம்பு நுனியிலிருந்து கருகிக் கீழிறங்கத் தொடங்கினால் நம்மவர்கள் முதலில் செய்வது கடைக்கு ஓடுவது. "செடி பட்டுப்போகிறது, ஒரு மருந்து தாருங்கள்" என்கிறார்கள். எந்தக் கொம்பு, கருகல் எங்கே தொடங்கியது, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று விற்பவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று வாங்குபவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு போத்தல் கைமாறுகிறது. பெரும்பாலும் அது பூச்சிகொல்லி. நோய்க்குக் காரணம் பூச்சியே அல்ல என்றால், அந்தப் போத்தல் எதைக் கொல்லப் போகிறது?

கேட்டின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்பேன். நஞ்சை நாம் 'மருந்து' என்று அழைக்கிறோம். வயலுக்கு மருந்தடிக்கிறோம், பூச்செடிக்கு மருந்து தெளிக்கிறோம். மருந்து என்ற பெயர் ஏறியவுடன் அது குசினித் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் குடியேறிவிடுகிறது. ரோசாவின் நான்கு கொம்புகளுக்காக வாங்கிய நஞ்சில் முக்கால் போத்தல் மீந்து, ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கிறது.

இதை மிகை என்று தள்ளுவோர் இலங்கையின் கணக்கைப் பார்க்கட்டும். 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் கைக்கு எட்டியது பீடைநாசினிப் போத்தல். அவ்வாண்டில் மிகக் கொடிய நஞ்சுகளும் 1998இல் எண்டோசல்பானும் தடுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டுக்குள் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. மனிதரின் துயரம் பாதியாகக் குறைந்திருக்கவில்லை. போர் கூட ஓய்ந்திருக்கவில்லை. தவிப்பு மிகுந்த ஒரு கணத்தில் கைக்கெட்டிய தூரத்தில் என்ன இருந்தது என்பதுதான் மாறியிருந்தது. ஒரு பூச்செடியின் பேரால் அந்தத் தூரத்தை மறுபடியும் குறைப்பது எவ்வகை அறிவு?

விடத்தல்தீவுக்கு வருவோம். பெயரில் தீவு இருந்தாலும் அது மன்னார்ப் பெருநிலக் கரையில் உள்ள ஊர். விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயரைத் தாங்கியது. 2008 யூலையில் போர் கடந்துபோன மண். அங்கே மீள்குடியேறிய வீடொன்றின் முற்றத்தில், மலைநாட்டு நாற்றுமேடையிலிருந்து வந்த ஒட்டு ரோசாக்களைக் கண்டேன். எல்லாக் கொம்புகளும் ஒரே சீராக நுனி கருகியிருந்தன. இலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது. சாடியின் விளிம்பில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. வீட்டுக்கார அம்மா மூன்று முறை 'மருந்து' அடித்திருந்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயிலிட்டுப் பார்த்தாலே விடை கிடைத்திருக்கும். ரோசா உவர் தாங்காத செடி. உப்பைக் கொல்லும் பூச்சிகொல்லி உலகில் இல்லை.

நுனிக்கருகல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று; பல நோய்களின் அறிகுறி. உவர்நீரின் அடையாளத்தை மேலே சொன்னேன். பங்கசால் வருவது வேறு விதம். வெட்டிய காயத்தில் அல்லது பூப்பறித்த காம்பில் தொடங்கும். ஒரு கொம்பு கறுத்து இறங்கும்போது அடுத்த கொம்பு பசுமையாகவே நிற்கும். பட்டுப்போன பட்டையில் மிளகாய் விதையிலும் சிறிய கரும்புள்ளிகள் தோன்றும். தமிழகத்தில் இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுவது டிப்ளோடியா ரோசாரம் என்ற பங்கசு. செடி முழுவதும் ஒருங்கே வாடினால் நீர் தேங்கி வேர் அழுகியிருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். கனடாவிலிருந்து ஆலோசனை அனுப்பும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் தோட்டத்தில் கொம்பைக் கருக்குவது பெரும்பாலும் பனிக்காலத்துக் கடுங்குளிர். அந்த வைத்தியம் மன்னார் வெயிலுக்குப் பொருந்தாது.

மருந்து என்னவென்றால், முதலாவது கத்தரிக்கோல். பட்டையை நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. கருகலுக்குக் கீழே, உள்ளே வெண்மையான தண்டு தெரியும்வரை, வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டியதை எரித்துவிடுங்கள். மழை பெய்யும் நாட்களில் வெட்டாதீர்கள். காயத்துக்குச் செப்பு ஆக்சிகுளோரைட்டைக் குழைத்துப் பூசினால் போதும். செப்புக் காபனேற்று 4 பங்கு, செவ்வீயம் 4 பங்கு, ஆளிவிதை எண்ணெய் 5 பங்கு கலந்த சௌபாட்டியா பசையைப் பரிந்துரைக்கும் நூல்கள் உண்டு. குழந்தைகள் திரியும் வீட்டில் ஈயத்தைக் குழைக்கச் சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. உவர் நிலத்தில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைநீரைச் சேமித்து, சாடியின் அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள்.

"அப்படியானால் இரசாயனமே வேண்டாம் என்கிறாயா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இல்லை. 2021இல் ஒரே ஆணையில் பசளையையும் பீடைநாசினியையும் தடுத்து, சில மாதங்களிலேயே அதைக் கைவிட்ட அரசின் அவசரத்தை நாடே பார்த்தது. செப்பும் இரசாயனந்தான். அதுபோலவே, முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும் எல்லாக் கருகலையும் மாற்றும் என்பவர்களும் அந்தக் கடைக்காரரின் உடன்பிறப்புகளே. இருசாராரும் நோயைப் பார்க்காமல் வைத்தியம் சொல்கிறார்கள். ஐயமிருந்தால் கருகிய கொம்பொன்றை வெட்டி எடுத்துப்போய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அதற்குப் போத்தலை விடச் செலவு குறைவு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைப் பூட்டி வையுங்கள். போத்தலின் மேல் பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டுங்கள். மருந்து என்ற நல்ல தமிழ்ச் சொல் உயிர் காப்பவற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.