ஏரியின் அடித்தளமும் அயல்வயற் கிணறும்

வெப்ப நாடுகளில் நீரைத் தேக்கி வைத்தல் எளிதன்று. தேங்கிய நீரை மேலே கதிரவன் உண்கின்றான். கீழே மண் பருகுகின்றது. ஆதலின் ஏரி குளங்களின் அடியிற் காங்கிரீட்டோ பிளாஸ்டிக் விரிப்போ இட்டுவிட்டால் நீர்ப்பஞ்சம் நீங்குமென்று கூறுவார் இந்நாளிற் பலர். அக்கூற்றை நாம் முற்றும் மறுக்கப் புகுந்தோமில்லை. நம் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு அது பொருந்துமோ என்பதே நமது ஐயம்.

விரிப்புத் தடுப்பது கசிவை மட்டுமே. ஆவியாகும் நீரை அது தினையளவும் காப்பதில்லை. நம் சமவெளிகளில் திறந்த நீர்ப்பரப்பினின்று ஓராண்டில் ஏறக்குறைய 6 அடி நீர் ஆவியாய்ப் போகின்றது. நம் ஏரிகளோ பரப்பிற் பெரியன, ஆழத்திற் சிறியன. அவற்றின் அடியை மட்டும் மூடுதல் கூரையில்லா வீட்டிற்குத் தளமிடுதலை ஒக்கும்.

இனி, கசிந்த நீர் எங்கே போகின்றது? ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறி நிற்கின்றது. ஏரி வற்றிய சித்திரையிலும் அக்கிணறுகளை நம்பியே தோட்டப்பயிர் பிழைக்கின்றது. ஆவியானது போயிற்று, கசிந்ததோ கைமாறிற்று, அவ்வளவே. கால்வாய்க்கும் இந்நியாயமே பொருந்தும். பவானிசாகர் அணையினின்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும் கீழ்பவானி மண்கால்வாய்க்குக் காங்கிரீட் இட அரசினர் முற்பட்டபோது, கடைமடை உழவருட் பலர் அதனை வரவேற்றனர். கசிவுநீர்க் கிணறுகளை நம்பியிருந்தோர் 2023இல் எதிர்த்துப் போராடினர். இருதிறத்தார் வழக்கிலும் உண்மையுண்டு. ஆனால் 'வீணாகும் நீர்' என்னும் சொல்லை எவரும் எளிதில் வழங்கலாகாது என்பது அதனால் விளங்கும்.

முன்னோர் ஏரியடியை வெறுமனே விட்டனர் என்பதும் சரியன்று. ஆண்டுதோறும் படியும் வண்டலே மெல்லிய களிமண் விரிப்பாயிற்று. கசிவை அது முற்றும் அடையாது மட்டுப்படுத்திற்று. நடவுக்கு முன் வயலிற் சேறு கலக்குவதாலும் இப்பயன் உண்டாகின்றது. தூர்வாருங்கால் மணல் தெரியத் தோண்டுவோர் அவ்விரிப்பையே கிழித்தெறிகின்றனர், இஃது இரங்கத்தக்கது.

மணற்பாங்கான மேட்டுநிலத்தில் உழவர் ஒருவர் வெட்டும் பண்ணைக்குட்டைக்கு விரிப்பு இன்றியமையாததே. நிலத்தடிநீர் உவராயுள்ள இடத்தும் அவ்வாறே. ஆங்குக் கசிந்தது உவரொடு கலந்து எவர்க்கும் உதவாது போம்.

ஆகவே ஓர் ஏரிக்கு விரிப்பிடக் கருதும் அதிகாரிகள் முதற்கண் அதன் கீழுள்ள கிணறுகளை எண்ணி, அவற்றின் நீர்மட்டத்தைக் கோடைதோறும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும். நம் கல்லூரி மாணாக்கரும் விடுமுறையில் தத்தம் ஊரில் இதனைச் செய்யலாம். கயிறும் கல்லும் போதும்; வேறு கருவி வேண்டுவதில்லை.